அரிச்சல்முனையில் இரவு தங்க முடியாது

ராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில், தனுஷ்கோடிச் சாலை முடியும் இடம் அரிச்சல்முனை. "கேரவன் வேனில் வந்தால் அரிச்சல்முனையிலேயே இரவு தங்கலாம், மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும், தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முதலாவது தவறு. இரண்டாவது, தண்ணீர் பற்றியது, பாதி மட்டுமே உண்மை. எனக்கு அதுதான் கூடுதல் கவலை.

மாலைக்குப் பிறகு தனுஷ்கோடிச் சாலையில் சுற்றுலா வாகனங்களை இருக்க விடுவதில்லை. போலீசார் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்த இடம் அது. இருபுறமும் கடல், திரும்பி வர ஒரே சாலை. இரவில் காற்று மாறினால் ஒதுங்க இடமில்லை.

இனி தண்ணீர். மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அங்குள்ள மீனவக் குடும்பங்கள் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி, ஊற ஊறப் பொறுமையாக மொண்டு எடுக்கிறார்கள். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். நீங்கள் கிளம்பிப் போன பிறகு உப்பைக் குடிக்க வேண்டியவர்கள் அவர்கள். தயவுசெய்து அந்த ஊற்றுகளில் கை வைக்காதீர்கள். ராமநாதபுரத்திலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

இரவுக்கு ராமேசுவரம் ஊருக்குள் வந்துவிடுங்கள். வாகனம் நிறுத்த இடமுள்ள விடுதிகளில் கேட்டு, கட்டணம் கொடுத்துத் தங்கலாம். பாத்திரம் கழுவிய நீரைக் கடற்கரையில் கொட்ட வேண்டாம். பாம்பன் பக்கத்து உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை, முக்கியமாக பிரேக் குழாய்களை, நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.