பீர்ஸ் பட்டியல் தடைப் பட்டியல் இல்லை

65 வயது தாண்டியவர்களுக்கு பீர்ஸ் பட்டியலில் உள்ள மருந்துகள் தடை செய்யப்பட்டவை, ஊட்டி, குன்னூர் பக்கம் எந்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தாலும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள் என்று மேலே ஒரு அண்ணன் போட்டிருக்கிறார். அக்கறையில்தான் எழுதியிருப்பார், ஆனால் அது தடைப் பட்டியல் இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடுகிற அந்தப் பட்டியல், வயதானவர்களுக்கு நன்மையைவிடக் கெடுதல் அதிகமாகலாம், அதனால் டாக்டர் யோசித்து எழுத வேண்டும் என்கிற மருந்துகளைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நீங்களே பார்க்கலாம். 2023 பதிப்பின் அட்டவணையில் ஒவ்வொரு மருந்துக்கும் காரணமும் பரிந்துரையும் பக்கத்திலேயே இருக்கும். அலர்ஜி, சளி மாத்திரைகளில் வருகிற டைஃபென்ஹைட்ரமின் என்ற மருந்தைத் தவிர்க்கச் சொல்கிற அதே இடத்தில், கடுமையான அலர்ஜி திடீரென்று வந்தால் அது பொருத்தமாக இருக்கலாம் என்றும் போட்டிருக்கிறார்கள். தடை என்றால் இப்படி எழுத மாட்டார்கள் இல்லையா?

எனக்குப் பயம் 'இன்றைக்கே நிறுத்துங்கள்' என்பதில்தான். மாதக்கணக்காக அல்பிரசோலம், லோராசெபாம் போட்டுத் தூங்குகிற பாட்டிக்கு அதைச் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சில சமயம் வலிப்புகூட வரலாம், டாக்டர் சொல்லி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும், குளிருக்குக் கடையில் வாங்கிய சளி மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டி, இதில் எது இன்னும் தேவை என்று கேளுங்கள்.