சனி, ராகு, கேது எல்லாம் உங்க கரைதானே!

வடக்கா தெற்கா என்று ஊரெல்லாம் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டு வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே ஓடுவது காவிரி. நான் பிறந்தது மன்னார்குடி, வாழ்க்கைப்பட்டது திருப்பனந்தாள் பக்கம். பன்னிரண்டு வருஷம் ஆச்சு, அத்தைக்கு நான் இன்னும் தென்கரைப் பொண்ணுதான். குழம்பில் புளி ஏறிவிட்டால் "அவங்க ஊர்ப் பக்கம் அப்படித்தான்" என்பார். குழம்பு நன்றாக அமைந்துவிட்டால் அது வடகரைத் தண்ணீரின் குணம்.

கல்யாணமான புதிதில் ரோஷப்பட்டு ஒரு கணக்கை எடுத்துவிட்டேன். தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127. சரியாக ரெண்டு மடங்கு, மேலே ஒன்று கொசுறு. மாமா பேப்பரிலிருந்து தலையே தூக்கவில்லை. "வடகரை வரிசையில முதல் ஊர் எதும்மா? தில்லை. அது ஒண்ணு போதாதா?" என்றார்.

அதோடு விட்டாரா? நவக்கிரகத்துக்குப் போனார். சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கஞ்சனூர், ஐந்தும் வடகரை. "திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம்... சனி, ராகு, கேது எல்லாம் உங்க கரைதானே!" (திருநள்ளாறு புதுச்சேரிக் கணக்கு என்று சட்டம் பேசலாம். ஆற்றுக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது.)

"ஆலங்குடி குருவும் எங்க கரைதான் மாமா. அவர் பார்த்ததாலதான் உங்க பிள்ளைக்குக் கல்யாணமே ஆச்சு" என்றேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் சிரித்த சத்தம் கேட்டது. அத்தை ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ரெண்டு கரைக்கும் உண்மையான வித்தியாசம் தண்ணீர்தான். இவர்களுக்கு முன்னால் காவிரி, பின்னால் கொள்ளிடம், அடியில் மணல். போர்வெல் போட்டவர்கள் மேட்டூர் அணையைப் பார்க்காமலே குறுவைக்கு நாற்று விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு அப்படியா? கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடியும் மூன்றாய்ப் பிரிந்து, பாமணியாற்றில் மிச்சம் இருந்தால் எங்கள் வாய்க்காலுக்கு. மேட்டூர் திறக்க வேண்டிய ஜூன் 12 என்பது எங்கள் வீட்டில் தீபாவளி மாதிரி ஒரு தேதி. 2024இல் மேட்டூர் திறக்க ஜூலை 28 ஆகிவிட்டது. அம்மா தினமும் போன் பண்ணிப் புலம்பினாள். அத்தை அதைக் காதில் வாங்கிக்கொண்டே, "எங்க பம்ப்செட் ஓடுதும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் கல்லணையில் மிஞ்சினதெல்லாம் கொள்ளிடத்தில் வந்து இறங்கும்போது இந்த ஊர் எப்படி இருக்கும் என்று இங்கே வந்துதான் பார்த்தேன். மாமா ராத்திரியில் டார்ச்சோடு ரெண்டு தடவை கரைக்குப் போய்விட்டு வருவார். அப்போது மட்டும் நான் கரைப் பேச்சு எடுப்பதில்லை.

இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. கும்பகோணம் யாருடையது? ஊருக்கு வடக்கே காவிரி ஓடுகிறது, ஆக அது தென்கரை. குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் இவர்களுக்கு முகூர்த்தப் பட்டு அங்கே, குத்துவிளக்கு அங்கே, பல் டாக்டர் அங்கே. அதனால் அது "நம்ம கும்மோணம்". எது எப்படி நம்ம ஆகும் என்று கேட்டேன். "எங்களுக்குக் காவிரிப் பாலம் ஏறி இறங்கினா கும்மோணம். நீ மன்னார்குடியிலேர்ந்து எத்தனை பாலம் தாண்டி வரேன்னு எண்ணிக்கிட்டு வா" என்றார் மாமா. அடுத்த தடவை பஸ்ஸில் எண்ணிக்கொண்டே வந்தேன். எத்தனை என்று யாரிடமும் சொல்வதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது நீடாமங்கலத்தில் இறங்கி அரைக் கிலோ பால்திரட்டு வாங்கி வந்தேன். அத்தை ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்து, "திருவையாத்து அசோகா அல்வா முன்னாடி இது சும்மாதான்" என்றார். நான் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் டப்பா காலி.