கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டை உடைத்தால் ஆபத்தில்லையா?

"நம்ம ஊர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இருப்பது வெள்ளை வகைதான், சிமெண்டோடு இறுகிவிட்டது, உடைத்தாலும் அறுத்தாலும் ஒன்றும் ஆகாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி தஞ்சாவூர், மன்னார்குடி வியாபாரிகளிடையே சுற்றுகிறது. இது தவறு.

வெள்ளைக் கல்நார் என்கிற கிரைசோடைல் உட்பட எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. இந்தியாவில் ஷீட் விற்பனைக்குத் தடை இல்லை, அது உண்மை. அதற்காகப் பாதுகாப்பானது என்று அர்த்தமாகாது.

செய்தியில் பாதி சரி: விரிசலில்லாத, யாரும் கை வைக்காத கூரை அதிகமாக இழைகளை விடாது. அதன் கீழே நெல் மூட்டை அடுக்கியவர்கள் பயந்துபோக வேண்டாம். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் பிய்த்துப் போட்ட குடோன் கூரைகளை நினைத்துப் பாருங்கள். நொறுங்கிய ஓரத்தில் வெள்ளை நார் பஞ்சுபோல் துருத்திக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இழைதான் நுரையீரலுக்குள் போய்த் தங்குகிறது. நோய் வெளியே தெரிய 20, 30 ஆண்டுகள்கூட ஆகும். கூலிக்கு வந்து கட்டிங் மெஷினால் அறுத்த பையனுக்கு அன்றைக்கு இருமல்கூட வராது. அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது.

அரிசி ஆலையோ மண்டபமோ, கூரை மாற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி ஷீட்டை முழுசாக இறக்கச் சொல்லுங்கள். துளை போடுவதும் காய்ந்த தூசியைப் பெருக்குவதும் கூடாது. முகத்தில் கட்டும் துண்டு இந்த இழையைத் தடுக்காது. அப்புறம், உடைந்த துண்டுகளை வாய்க்கால் கரையில் கொட்டாதீர்கள், பிள்ளைகள் விளையாடும் இடம் அது.