ரேஸ்கோர்ஸுக்கு வரைபடம் போடும் முன் கால்வாயைப் போய்ப் பாருங்கள்

ஊட்டி பேருந்து நிலையத்தில் இறங்கி வெளியே வந்து நிற்கிறீர்களே, அந்த இடம் ஒரு காலத்தில் ஏரி. பக்கத்தில் விரிந்து கிடக்கும் ரேஸ்கோர்ஸும் ஏரிதான். 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரி, இன்று படகு விடுகிற அளவோடு நிற்கவில்லை. மார்க்கெட் பக்கம் வரை நீண்டு கிடந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மேடாக்கி மேடாக்கி, இப்போது இருக்கிற ஏரி மட்டும் மிஞ்சியது. இதைச் சொன்னால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட ஆச்சரியப்படுகிறார்கள். கனமழை பெய்தால் ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி வண்டிகள் சிக்குவதை மட்டும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தேங்காமல் என்ன செய்யும்? அது தண்ணீர் நின்ற இடம்.

2024 ஜூனில் அரசு அந்த ரேஸ்கோர்ஸ் நிலத்தை, 52 ஏக்கருக்கு மேல், குத்தகை பாக்கிக்காக மீட்டுத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தது. சுற்றுச்சூழல் பூங்கா அமைக்கப்படும் என்றார்கள். வழக்கு விவகாரங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். மலை ஊரில், அதுவும் நகரத்தின் நடுவில், இவ்வளவு பெரிய சமதளம் இன்னொரு முறை நமக்குக் கிடைக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பூங்காவில் முதலில் வரைய வேண்டியது கோடப்பமந்து கால்வாயை. நடைபாதை, நீரூற்று, செல்ஃபி எடுக்கும் இடம், குழந்தைகள் ரயில் எல்லாம் அப்புறம்.

மலைச்சரிவில் தொடங்கி, நகரத்துக்குள் இறங்கி, பேருந்து நிலையப் பக்கமாக வந்து ஏரியில் சேரும் ஓடை அது. இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய பிறகு கால்வாய் ஆனது. கழிவுநீர் சேர்ந்த பிறகு சாக்கடை ஆனது. என் பாட்டி கல்யாணமாகி வந்த புதிதில் அதில் போர்வை அலசியதாகச் சொல்வார். நான் பள்ளிக்குப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டுவேன். என் மகளுக்கு அது ஓடை என்பதே தெரியாது. நான் சொன்னபோது நம்பவில்லை. நான்கு தலைமுறைக்குள் இப்படி ஆகிவிட்டது.

பெயரிலேயே 'மந்து' இருக்கிறது, கவனித்தீர்களா? மந்து என்றால் நீலகிரியின் பழங்குடிகளான தோடர்கள் எருமைகளோடு வாழும் குடியிருப்பு. தோடர்கள் ஓடைத் தண்ணீரை, கோவிலாகவே மதிக்கும் பால்மனைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்துப் புழங்கியவர்கள். எந்த இடத்தில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்பதற்கு முறை வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஓடையின் பெயரைத்தான் இன்று ஒரு சாக்கடைக்கு வைத்துக் கூப்பிடுகிறோம். எனக்கு அதில் வெட்கம் உண்டு.

சிமென்ட் கால்வாயைத் திரும்ப ஓடையாக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். சிங்கப்பூரில் பீஷான்-அங் மோ கியோ பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோட்டில் ஒரு சிமென்ட் கால்வாய் ஓடியது. அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். சுவர் கிடையாது. சரிவான புல்கரை. சாதாரண நாளில் ஆறு ஒடுங்கி ஓடும், குழந்தைகள் இறங்கி விளையாடுவார்கள். மழை வந்தால் தண்ணீர் பூங்காவுக்குள் பரவி, நூறு மீட்டர் அகலம் வரை விரிந்து, பிறகு வடியும். தண்ணீர் ஏறினால் எச்சரிக்கச் சைரன் உண்டு. கரைகளை வேர்களாலும் கல்லாலும் கட்டுவது சரிப்படுமா என்று முதலில் ஒரு சின்ன வாய்க்காலில் மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்தார்கள். உடைத்த சிமென்ட் பாளங்களைக்கூட வீணாக்காமல் பூங்காவிலேயே ஒரு குன்றாக அடுக்கினார்கள்.

சிங்கப்பூர் பணக்கார ஊர், நமக்கு அது ஆகுமா என்பீர்கள். சரி. ஆனால் அந்த யோசனைக்குப் பணத்தைவிட முக்கியமாகத் தேவைப்பட்டது தண்ணீர் பரவ இடம். அந்த இடம் ரேஸ்கோர்ஸில் இருக்கிறது, தாழ்வாக, தயாராக. 2009 நவம்பரில் இதே நீலகிரியில், கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர். அதில் பாதி ஊட்டி நகரத்தில் பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 52 ஏக்கரிலும் டைல்ஸ் பதித்து வைத்தால் கடைகளுக்குள்தான் போகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கழிவுநீரை நிறுத்தாமல் கரையை அழகுபடுத்துவது வீண்வேலை. ஊட்டியின் காந்தல் பகுதியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பாதாளச் சாக்கடையும் இருக்கிறது. ஆனாலும் கால்வாயில் வந்து விழும் குழாய்களை நடந்துபோகிற யாரும் பார்க்கலாம். முதல் இரண்டு வருடம் பூங்காவில் ஒரு செடிகூட நடாமல், அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இணைப்பு கொடுத்தால் எனக்குச் சந்தோஷம்தான். திறப்பு விழா வைக்க முடியாத வேலை அது. ஆனால் மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கும்.

இனி, மக்களிடம் கேட்பது பற்றி.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பூங்காவைப் புதுப்பிப்பது பற்றிக் கருத்துக் கேட்கக் கூப்பிட்டார்கள், போயிருந்தேன். வேலைநாள், காலை பதினொரு மணி. படத்தை ஏற்கெனவே வண்ணத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இருபது பேர் இருந்திருப்போம், பாதிப் பேர் அலுவலர்கள். ஒரு பெரியவர் எழுந்து, "அந்த மூலையில ஊற்று இருக்குதுங்க, அங்க கட்டடம் நிக்காது" என்றார். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். கட்டடம் அதே மூலையில் வந்தது. இன்றைக்கும் அதன் சுவர் பாசி பிடித்து ஈரமாக நிற்கிறது. அந்தப் பெரியவர் இப்போது இல்லை.

ரேஸ்கோர்ஸில் அப்படி நடக்கக் கூடாது. கூட்டத்தை மண்டபத்தில் போடாதீர்கள், கால்வாய்க் கரையில் போடுங்கள். சீசன் இல்லாத மாதத்தில், ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊரில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. வெள்ளைத் தாளோடு வாருங்கள். மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் அண்ணன்களுக்குத் தண்ணீர் எந்தக் கடைவாசலில் முதலில் ஏறும் என்று தெரியும். அடைப்பெடுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு எந்த மேன்ஹோல் மழையில் பொங்கும் என்று தெரியும். சவாரிக் குதிரைகளை வைத்துப் பிழைப்பவர்களுக்குத் தங்கள் குதிரை எங்கே மேயும் என்ற கவலை இருக்கிறது. அதைக் கேட்காமல் வேலி போட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? பையன்களுக்குக் கிரிக்கெட் ஆட இடம் வேண்டும். வயதானவர்களுக்குக் கட்டணமில்லாமல் வெயில் காய ஒரு பெஞ்ச் வேண்டும்.

தோடர் பெரியவர்களிடம் தனியாகப் போய்க் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்களுடைய பீப்பாய் வடிவக் கோவில்களுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில்தான் வளரும். பல சதுப்புகள் காரட் தோட்டமாகவும் சீகை (வாட்டில்) மரக் காடாகவும் மாறிவிட்டதால் அந்தப் புல் கிடைப்பது அரிதாகிவிட்டது. ரேஸ்கோர்ஸில் ஒரு ஐந்து ஏக்கரைத் திரும்பச் சதுப்பாக விட்டு, அந்தப் புல்லை அங்கே வளர்த்தால் என்ன? அது வளருமா, அவர்களுக்கு அது சம்மதமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். சரி என்றால், ஒரு நகரப் பூங்காவில் வெட்டிய புல் கோவில் கூரைக்குப் போகும். கரையோரம் காட்டுப் பூவரசு, மேட்டில் தவிட்டுப்பழச் செடி, தண்ணீரோரம் கோரை. பூச்செடி பார்க்க வருகிறவர்களுக்குத் தாவரவியல் பூங்கா இருக்கிறது, ரோஜாப் பூங்கா இருக்கிறது. மூன்றாவதாக இன்னொன்று எதற்கு?

வாகன நிறுத்தம் வேண்டும் என்கிற வியாபாரிகளின் பேச்சை நான் தள்ளவில்லை. என் அண்ணனும் கடை வைத்திருப்பவர்தான், இதைப் பற்றி எங்களுக்குள் சண்டையே வந்திருக்கிறது. நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும், வார நாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வண்டிகள் என்று 2025 சீசனில் வரம்பு வைத்த பிறகும் நெரிசல் தீரவில்லை. சாலையோரத்து மேட்டில் ஒரு பகுதியை, தண்ணீர் இறங்குகிற தரையோடு, வண்டிகளுக்கு ஒதுக்கலாம். தாழ்ந்த பாதியைத் தொடக் கூடாது. ஏரியில் சேரும் தண்ணீர் அதோடு நிற்பதில்லை, வழிந்து காமராஜ் சாகர் அணைக்குப் போகிறது. நாம் கழுவி விடுவதைக் கீழே யாரோ குடிக்கிறார்கள்.

அரசு கூப்பிடும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோடப்பமந்திலிருந்து ஏரி வரை கால்வாயை ஒட்டி நடக்கப்போகிறேன். எத்தனை குழாய் விழுகிறது, எங்கே சுவர் இடிந்திருக்கிறது, எங்கே இன்னும் மண்கரை மிஞ்சியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளப்போகிறேன். மகள் நோட்டும் அளவு நாடாவும் எடுத்து வைத்துவிட்டாள். வருகிறவர்கள் கம்பூட் போட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டில் பழைய ஊட்டிப் படம் இருந்தால் ஒரு நகலும் எடுத்து வாருங்கள்.