விசிலுக்குக் கெப்பாசிட்டர் மருந்தல்ல

"காரில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்பீக்கரில் விசில் வந்தால் 1 ஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள், நின்றுவிடும்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. பாஸ் (தாழ்ந்த தாள ஒலி) அடிக்கும்போது வோல்டேஜ் சரியாமல் தாங்குவதுதான் கெப்பாசிட்டரின் வேலை, அதுவும் ஓரளவுக்குத்தான். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசிலுக்குப் பெரும்பாலும் காரணம் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் (கிரவுண்ட்) இணைப்புகளுக்கு இடையே உருவாகும் சுற்று. ஸ்டீரியோவின் எர்த்துக்கும் ஆம்ப்ளிஃபயரின் (ஆம்ப்) எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், இரண்டுக்கும் இடையே பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு (வெளி உலோக உறை) வழியே கரண்ட் ஓடும், அதுதான் விசிலாகக் கேட்கிறது.

காசைக் கரைக்கும் முன் ஒரு சோதனை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆம்ப்பிலிருந்து ஆர்சிஏவைக் கழற்றி, திரும்ப ஓடவிடுங்கள். விசில் நின்றால் அது ஆர்சிஏ வழியாகத்தான் வருகிறது. அணைக்காமல் மட்டும் கழற்றாதீர்கள். சில ஸ்டீரியோக்களில் ஆர்சிஏ கிரவுண்டுக்கு உள்ளே இருக்கும் பொடி ஃபியூஸ் போய்விடும், அப்புறம் விசில் நிரந்தரம்.

அடுத்து ஆம்ப்பின் எர்த். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போடுங்கள், சீட் பெல்ட் போல்ட்டில் வேண்டாம். எர்த் வயர் பவர் வயரின் தடிமனில், 45 செ.மீ.க்குள் இருக்கட்டும். எஞ்சின் ஓட, பாட்டும் சத்தமாக ஓட, பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப்பின் எர்த் டெர்மினலுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. ஆம்ப்பின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) முழுக்கத் திருகி வைத்திருந்தால் அதையும் குறையுங்கள்.