மைண்ட் வாய்ஸ் கேட்கிற அடாச்சியும் முகத்தில் எதையும் காட்டாத குரோசவாவும்

'செர்ரி மேஜிக்' என்ற ஜப்பானியத் தொடரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "க்யூட்டா இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். க்யூட்தான், மறுக்கவில்லை. ஆனால் எழுத்திலும் நடிப்பிலும் இவ்வளவு கவனமாகக் கட்டிய ஒரு தொடருக்கு அந்த வார்த்தை போதாது.

முதலில் தலைப்பு. ஜப்பானிய மூலத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'முப்பது வயது வரை கன்னி கழியாமல் இருந்தால் மந்திரவாதி ஆகலாமாம்'. ஜப்பானிய இணையத்தில் ரொம்ப நாளாக உலவும் ஒரு கேலிப்பேச்சு இது. அந்தத் தலைப்பின் கடைசிச் சொல் 'ரஷீ'. யாரோ சொல்லக் கேட்டேன், உறுதியில்லை என்ற பொருள். ஆங்கிலத் தலைப்பில் அதற்கு நேரான சொல் இல்லாததால் கேள்விக்குறி போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. 'ஆகலாமாம்' என்பதில் வரும் அந்த 'ஆம்' அப்படியே 'ரஷீ'தான். தொடரின் குரலும் அதேதான்: நம்புவதா வேண்டாமா என்று தயங்கியபடியே பேசும்.

டோயோடா யூ வரைந்த மங்காதான் (ஜப்பானிய காமிக்ஸ்) மூலம். 2020 அக்டோபர் 8 முதல் டிசம்பர் 24 வரை டிவி டோக்கியோவில் 12 அத்தியாயங்கள், வியாழன் இரவு 25 மணிக்கு. ஜப்பானிய டிவி அட்டவணையில் நள்ளிரவு தாண்டியும் அதே நாள் கணக்கில் 24, 25 என்று எண்ணிக்கொண்டே போவார்கள். அதாவது நம் கணக்கில் வெள்ளி அதிகாலை 1 மணி. அரைமணி நேர இடம் என்பதால் ஒரு அத்தியாயம் விளம்பரம் போக 25 நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

கதை எளிமையானது. எழுதுபொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் அடாச்சிக்கு 30 வயது பிறக்கிறது. அன்றிலிருந்து யார் உடம்பு பட்டாலும் அவர்களுடைய மைண்ட் வாய்ஸ் கேட்கிறது. காலையில் நெரிசலான லிஃப்டில் உடம்போடு உடம்பு உரசும்போது ஒரு குரல் தன்னையே நினைத்து உருகுவது காதில் விழுகிறது. திரும்பிப் பார்த்தால் குரோசவா. சேல்ஸில் நம்பர் ஒன், அழகன், எல்லாருக்கும் பிடித்தவன், தன்னோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவன்.

'ஒரே வருடம் சேர்ந்தவன்' என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிடாதீர்கள். ஜப்பானிய அலுவலகத்தில் அதற்கு 'தோகி' என்று தனிச் சொல்லே உண்டு. நம் ஆபீஸ்களில் 'ஒரே பேட்ச்' என்போமே, அதுதான். மேலே இருப்பவரிடமும் வெளியாளிடமும் மரியாதை வினைமுற்று போட்டே பேசவேண்டிய இடத்தில், தோகியிடம் மட்டும் சகஜமாகப் பேசலாம். அதனால்தான் இருவரும் 'சான்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்க்காமல் வெறும் குடும்பப் பெயரால் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நெருங்குவதற்கு அலுவலகமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது, ஏழு வருடமாக குரோசவா அந்த வாசலிலேயே நிற்கிறான். சப்டைட்டிலில் இது தெரியாது, காதைக் கொடுத்துக் கேட்டால்தான் பிடிபடும்.

நடிப்பில்தான் இந்தத் தொடரின் நுட்பம் அதிகம். குரோசவாவாக வரும் மச்சிதா கெய்தாவின் முகத்தையும் குரலையும் தனித்தனியாகக் கவனியுங்கள். முகம் நல்ல சேல்ஸ்மேன் முகம்: லேசான சிரிப்பு, நேரான பார்வை. அதே நொடியில் ஓடும் மைண்ட் வாய்ஸ் படபடவென்று, சுருதி ஏறி, அடாச்சியின் கலைந்த தலைமுடிக்கெல்லாம் மனம் உருகும். குரல் ஓடி முடியும்வரை முகம் அசையாமல் நிற்கவேண்டும். ஒரு துளி கூடினாலும் கோமாளித்தனம் ஆகிவிடும், ஒரு துளி குறைந்தால் பொம்மை மாதிரி இருக்கும். எதிரே அடாச்சியாக வரும் அகாசோ எய்ஜிக்கு வேறு கஷ்டம். கேட்டுவிட்டது, ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. தோளைக் குறுக்குகிறார், கண்ணை ஒரு கணம் விரித்து உடனே கீழே இறக்குகிறார். பேச்சில் பாதி "ஆ..." "ம்..." என்று விழுங்குகிறார். உதட்டைப் பாருங்கள், அது மூடியிருந்தால் ஓடுவது மைண்ட் வாய்ஸ். முதல் இரண்டு அத்தியாயத்திலேயே இது பழகிவிடும். அந்த இடங்களில் சப்டைட்டில் வேகமாக ஓடும். எழுத்தைத் துரத்திக்கொண்டு முகத்தைத் தவறவிடாதீர்கள், ஒருமுறை நிறுத்திப் பார்த்தால் தப்பில்லை.

ரீல்ஸில் துண்டு துண்டாகப் பார்ப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது பெரும்பாலும் 'ராஜா விளையாட்டு' காட்சியைத்தான். அலுவலகக் குடிவிருந்தில் ஆளுக்கொரு குச்சி எடுக்கிறார்கள். ஒன்றில் ராஜா என்றும் மற்றவற்றில் எண்களும் எழுதியிருக்கும். யாரிடம் எந்த எண் என்று ராஜாவுக்கே தெரியாது. 'இந்த எண் இந்த எண்ணை முத்தமிடட்டும்' என்பான், சுற்றி இருப்பவர்கள் கைதட்டுவார்கள், மறுத்தால் விருந்தைக் கெடுத்தவன் என்ற பேர் வரும். அதில் அடாச்சியும் குரோசவாவும் மாட்டுகிறார்கள். குரோசவா ஏழு வருடமாக ஏங்கியது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அடாச்சி நடுங்குவது கண்ணில் படுகிறது. நெற்றியில் ஒரு முத்தத்தோடு முடித்துவிட்டு, பிறகு தனியே மன்னிப்புக் கேட்கிறான். தனியாக வெட்டிப் போட்டால் இது கிளுகிளுப்பாகத் தெரியும். முழுசாகப் பார்த்தால், ஆசைப்பட்டவன் தன் ஆசையை விட்டு எதிரில் இருப்பவனின் பயத்தைப் பார்க்கிற காட்சி. என்னைப் பொறுத்தவரை தொடரின் முதுகெலும்பு அதுதான்.

ஏனென்றால் யோஷிதா எரிகாவின் திரைக்கதை மந்திரத்தைக் கடைசிவரை சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறது. மனதில் கேட்டது வாயால் சொன்னதாகாது. கேட்டுவிட்டதாலேயே அடாச்சிக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. 6-ஆம் அத்தியாய முடிவில் குரோசவா வாய்விட்டுச் சொல்லும்போதுதான் உண்மையான கதை தொடங்குகிறது. 7-ஆம் அத்தியாயம் பெரும்பாலும் குரோசவாவின் பழைய கதை. சின்ன வயதிலிருந்து முகத்துக்காக மட்டுமே மதிக்கப்பட்டவன். அவன் ஒரு வியாபார விருந்தில் சொதப்பிக் குடித்துச் சரிந்த இரவில், அடாச்சி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறான். எல்லாவற்றிலும் சரியாக இருப்பவனிடம் ஒரு பலவீனத்தைப் பார்த்தது நல்லாத்தான் இருக்கு என்கிறான். இந்த இரண்டு அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் பாருங்கள், இடையில் நிறுத்தினால் கனம் போய்விடும். பின்னால் 11-இல் மந்திரம் திருப்பி அடிக்கிறது. இதுவரை கிடைத்ததில் தன்னுடையது எது, திருட்டுத்தனமாகக் கேட்டு வாங்கியது எது என்று அடாச்சிக்கே தெரியாமல் போகிறது.

மங்காவிலிருந்து மாற்றியதில் நான் கொண்டாடுவது அவர்களோடு வேலை செய்யும் ஃபுஜிசாகியை. மூலத்தில் அவள் ஆண்-ஆண் காதல் கதைகளின் ரசிகை, இருவரையும் பார்த்து உள்ளுக்குள் குதூகலிப்பவள். தொடரிலோ, காதலில் நாட்டமே இல்லாமல் தன் வாழ்க்கையில் நிறைவாக இருப்பவள். ஒரு காதல் தொடருக்குள் காதல் தேவைப்படாத ஒருத்தியைக் குறையாகக் காட்டாமல் உட்கார வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். இதே யோஷிதா எரிகாதான் 2022-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேவுக்காகக் காதலில் நாட்டமில்லாத இருவரை மையமாக வைத்தே ஒரு தொடர் எழுதினார், 2024-இல் அதே என்எச்கேயின் காலைத் தொடரையும் எழுதினார்.

குறையும் சொல்லவேண்டும். அடாச்சியின் நண்பனான எழுத்தாளன் ட்சுகேவுக்கும் டெலிவரி இளைஞன் மினாதோவுக்கும் நடுவிலான கிளைக்கதை அவசரமாக ஓடுகிறது, இன்னும் ஒரு அத்தியாயம் கொடுத்திருக்கலாம். பெரிய குறை முடிவில். கிறிஸ்துமஸ் இரவு, சமாதானம், மறுபடி லிஃப்ட். இருவர் முகமும் நெருங்கும்போது கதவு மூடிக்கொள்கிறது. ஆரம்பித்த லிஃப்டிலேயே முடிக்கும் அழகு எனக்குப் புரிகிறது. தொடரின் கூச்ச சுபாவத்துக்குப் பொருந்துகிறது என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்ள முடியவில்லை. 12 வாரம் ஒவ்வொரு அடியும் எண்ணி எண்ணி வந்தவர்கள். ஒரு ஆணும் பெண்ணும் இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்தே இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

பார்க்கும் வரிசை: முதலில் இந்த 12, அப்புறம் 2022 ஏப்ரலில் வந்த திரைப்படம். படத்தை முதலில் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. அதில் அடாச்சி நாகசாகிக்கு மாற்றலாகிப் போகிறான், இருவரும் வீட்டில் சொல்வதைப் பற்றி யோசிக்கிறார்கள். ஜப்பானில் ஒருபால் திருமணத்துக்கு நாடளாவிய சட்ட அங்கீகாரம் இல்லை. 2015-இல் டோக்கியோவின் ஷிபுயாவும் செத்தகாயாவும் தொடங்கியது போன்ற உள்ளாட்சிச் சான்றிதழ்கள் திருமணத்துக்கு ஈடாகாது. 2021 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், அங்கீகரிக்காததே அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள். மகன் தன் துணையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் உட்காருகிற அந்த அறைகளில் யாரும் குரலை உயர்த்தாதபோதும் ஏன் அவ்வளவு இறுக்கம் என்று விளங்கும். தாய்லாந்து மறுஆக்கமும் 2024 அனிமேவும் அதற்கப்புறம். ஜப்பானியத் தொடரில் மச்சிதாவின் அசையாத முகத்தைப் பார்த்துப் பழகிய பிறகு அவை வேறு சுவையாக இருக்கும்.