கல் எங்கே நிற்பது என்பதற்கே ஒரு வழக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஒரு ரெஜிமெண்டின் (படைப்பிரிவின்) நினைவுக்கல் இருக்கும் இடமே அது சண்டையிட்ட இடம் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். பெரும்பாலும் சரி. ஆனால் வடக்குத் தரப்பின் 72ஆவது பென்சில்வேனியா ரெஜிமெண்டுடைய கல்லின் கதை வேறு. 1863 ஜூலை 3 அன்று தெற்குத் தரப்புத் தளபதி பிக்கெட்டின் படை ஏறி வந்தபோது அந்த ரெஜிமெண்ட் முதலில் பின்வரிசையில்தான் இருந்தது. போர் வரிசையில் நின்ற இடத்தில்தான் கல் நடலாம் என்பது போர்க்கள நினைவுச் சங்கத்தின் விதி. முன்வரிசையில் இருந்த கல்சுவர் வரை நாங்களும் போனோமே, கல்லும் அங்கேதான் நிற்க வேண்டும் என்று முன்னாள் வீரர்கள் விடவில்லை, நீதிமன்றத்துக்கே போனார்கள். 1891இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ஓங்கும் அந்தச் சிலை இன்றும் சுவரோரம் நிற்கிறது. 2013இல் சூறைக்காற்றில் விழுந்து, சரிசெய்து மறுபடி ஏற்றினார்கள்.

அப்புறம், பல கற்களுக்கு இரு பக்கமும் தள்ளிச் சின்னக் கற்கள் இரண்டு இருக்கும். வரிசையின் இடது முனை, வலது முனை அவைதான். யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தால் படையின் அகலம் காலுக்கே தெரியும்.

எனக்குப் பிடித்தது 20ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமெண்ட் வைத்தது. சிலை கிடையாது. சொந்த ஊர்ப் பக்கமான பாஸ்டனின் ராக்ஸ்பரியிலிருந்து கொண்டுவந்த ஒரு பாறை, அவ்வளவுதான்.